மிஸ்பேத்: எபிரேய வேதாகமத்தின் ஒரு துக்கச் சொல்லை நீங்களே ஆராய்ந்து பார்க்க முழுமையான வழிகாட்டி

2 சாமுவேல் 11-ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். உரியா போரில் செத்துப்போன செய்தி வருகிறது. அவன் மனைவி பத்சேபாள் தன் நாயகனுக்காக "இழவுகொண்டாடினாள்" என்கிறது தமிழ் வேதாகமம். அடுத்த வசனம், "துக்கநாள் சென்றபின்பு" தாவீது அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டான் என்று போகிறது. தமிழில் வாசிக்கும்போது இழவு, துக்கம் இரண்டும் ஒன்றுதானே என்று கடந்துவிடுவோம். மூலத்தில் இருப்பவை இரண்டு தனிச் சொற்கள். முதலாவது ஸாஃபத் என்ற வினை. அதன் பெயர்ச்சொல் மிஸ்பேத். இரண்டாவது ஏவெல்.

அவள் ஸாஃபத் செய்தாள், அப்புறம் ஏவெல் கடந்துபோனது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. எபிரேயம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு கைபேசி, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு முழு மாலைப் பொழுது போதும்.

படி 1: எண்ணைப் பிடியுங்கள்

பைபிள் ஹப், ப்ளூ லெட்டர் பைபிள், ஸ்டெப் பைபிள் போன்ற இலவசத் தளங்களில் இன்டர்லீனியர் என்ற பகுதி இருக்கும். மூலச்சொல்லையும் அதன் பொருளையும் வரிக்கு வரி அடுக்கிக் காட்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் வெளியிட்ட சொல்லடைவில் கொடுத்த எண் அது. நமக்கு வேண்டியவை: ஸாஃபத் 5594, மிஸ்பேத் 4553. ஒப்பிட்டுப் பார்க்க: ஆவல் (துக்கங்கொள் என்ற வினை) 56, ஏவெல் 60, பாகா (அழு) 1058, கீனா (புலம்பல் பாட்டு) 7015, நெஹீ (ஓலம்) 5092. எபிரேயப் பட்டியலில்தான் தேடுகிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் 7015 தவிர மற்ற எண்கள் கிரேக்கப் பட்டியலிலும் உண்டு. அங்கே அவை வேறு சொற்கள்.

இங்கேயே இரண்டு எச்சரிக்கை. ஒன்று, எண்ணுக்கு எதிரே போட்டிருக்கும் ஒருவரிப் பொருளை அப்படியே நோட்டில் எழுதிவிடாதீர்கள். அது மொழிபெயர்ப்பாளர்கள் எப்படிப் பெயர்த்தார்கள் என்பதன் சுருக்கம். சொல்லின் பொருளை இனிமேல்தான் நாம் தேடப்போகிறோம். இரண்டு, வசன எண்கள் சில இடங்களில் ஒன்று தள்ளி நிற்கும். நம்முடைய சங்கீதம் 30:11 எபிரேயத்தில் 30:12. நம்முடைய எரேமியா 9:17 அங்கே 9:16. "அந்த வசனத்தில் அந்தச் சொல்லே இல்லையே" என்று குழம்பினால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

படி 2: வேரைப் பாருங்கள், ஒலியை நம்பாதீர்கள்

ஸாமெக், பே, தாலெத் என்ற மூன்று எழுத்துகள்தான் இந்தச் சொல்லின் வேர். வசனங்களில் அது லிஸ்போத், வயிஸ்பெதூ, வத்திஸ்போத், ஸோஃப்தீம் என்று பல வடிவங்களில் வரும். எண் ஒன்றாக இருந்தால் வேரும் ஒன்றுதான். வடிவத்தைப் பார்த்து மிரள வேண்டாம். முன்னால் 'மி' சேர்ந்தால் பெயர்ச்சொல்: மிஸ்பேத்.

ஒலி ஒற்றுமையை வைத்துப் பொருள் சொல்லும் பழக்கம் நம் ஊர்ப் பிரசங்கங்களில் நிறைய உண்டு. அதற்கு இந்தச் சொற்குடும்பத்திலேயே ஒரு நல்ல பொறி இருக்கிறது. யாக்கோபுக்குத் துக்கம் கொண்டாடிய இடத்துக்கு ஆபேல் மிஸ்ராயீம் என்று பெயர் வந்ததாக ஆதியாகமம் 50:11 சொல்கிறது. அங்கே 'ஏவெல்' என்ற துக்கச் சொல்லையும் 'ஆபேல்' என்ற இடப்பெயரையும் வைத்து மூலநூலே சொல்விளையாட்டு ஆடுகிறது. சரி. ஆனால் ஆதாமின் மகன் ஆபேலையும் இதோடு சேர்த்து, "ஆபேல் என்றாலே துக்கம்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவன் பெயர் எபிரேயத்தில் ஹெவெல். முதல் எழுத்தே வேறு, பொருள் மூச்சு அல்லது ஆவி. தமிழ் எழுத்தில் இரண்டும் ஆபேல் ஆகிவிட்டதால் வந்த வினை இது.

படி 3: எல்லா இடங்களையும் நோட்டில் இறக்குங்கள்

ஸாஃபத் வினையாக 30 முறை வருகிறது, மிஸ்பேத் 16 முறை. மொத்தம் 46. ஒரே அமர்வில் வாசித்து முடித்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம் போடுங்கள்: யார் செய்கிறார்கள், யாருக்காக, எங்கே, கூட வேறென்ன நடக்கிறது.

கடைசிக் கட்டம்தான் முக்கியம். 2 சாமுவேல் 1:12-இல் கூட நிற்பவை அழுகையும் உபவாசமும். 2 சாமுவேல் 3:31-இல் உடை கிழித்தலும் இரட்டும். ஏசாயா 22:12-இல் அழுகை, மொட்டை, இரட்டு. எஸ்தர் 4:3-இல் உபவாசம், அழுகை. மனதுக்குள் மட்டும் நடக்கிற ஒரு சங்கதியும் இந்தப் பட்டியலில் இல்லை.

பரவலையும் கவனியுங்கள். மோசேயின் ஐந்து புத்தகங்களில் ஆதியாகமத்தில் மட்டும்தான் இந்த வேர் வருகிறது. எரேமியாவில் குவிந்து கிடக்கிறது. யோபு புத்தகத்தில் இல்லை. புலம்பல் புத்தகத்திலும் ஒரு முறைகூட இல்லை! தமிழில் 'புலம்பல்' என்று தேடிப் போனால் அங்கேதான் முதலில் போய் நிற்போம். மூலத்திலோ அது கீனா என்ற பாட்டு வகையைச் சேர்ந்த நூல்.

யாருக்காக என்ற கட்டத்தில் பெரும்பாலும் இறந்தவர்கள் இருப்பார்கள்: சாராள், யாக்கோபு, சாமுவேல், சவுல், அப்னேர், யெரொபெயாமின் மகன். எல்லாமே மரணம் இல்லை. யோவேல் 1:13-இல் விளைச்சல் அழிந்ததற்காக ஆசாரியர்கள் செய்ய வேண்டும். சகரியா 7:5-இல் எருசலேமின் அழிவை நினைத்து ஐந்தாம் மாதத்திலும் ஏழாம் மாதத்திலும் எழுபது வருஷம் செய்துவந்த சடங்காக வருகிறது. எரேமியா 16:4, 25:33 இரண்டிலும் எதிர்மறை: செத்தவர்களுக்கு இது செய்யப்படாது, அடக்கமும் நடக்காது. ஒருவருக்கு மிஸ்பேத் கிடைப்பது, அடக்கம் கிடைப்பதைப் போலவே ஒரு மரியாதை. கிடைக்காமல் போவது சாபம்.

படி 4: இரண்டு சொல்லும் ஒன்றாக நிற்கும் வசனங்களைத் தனியே எடுங்கள்

இதில் அவசரப்படாதீர்கள், மொத்த ஆராய்ச்சியின் மையமே இந்தப் படிதான். ஒரு சொல்லின் எல்லை, பக்கத்துச் சொல் ஆரம்பிக்கும் இடத்தில்தான் தெரியும்.

ஆதியாகமம் 50:10-ஐ எடுங்கள். யாக்கோபின் உடலோடு யோசேப்பின் கூட்டம் ஆத்தாத்தின் களத்துக்கு வருகிறது. அங்கே "பெரும் புலம்பலாகப் புலம்பினார்கள்". எபிரேயத்தில் வினையும் பெயரும் ஒரே வேர்: வயிஸ்பெதூ… மிஸ்பேத். அதே வசனத்தின் அடுத்த பாதியில் யோசேப்பு தன் தகப்பனுக்காக "ஏழுநாள் துக்கங்கொண்டாடினான்". இங்கே ஏவெல். மிஸ்பேத்துக்கு 'பெரிய', 'கனத்த' என்று அளவு சொல்லப்படுகிறது. ஏவெலுக்கு நாள் கணக்கு சொல்லப்படுகிறது. முதலாவதைச் செய்பவர்கள் கூட்டம். இரண்டாவதை ஏற்பவன் மகன்.

இனி பத்சேபாளின் இரண்டு வசனங்களுக்குத் திரும்பிப் பாருங்கள். அங்கும் அதே பிரிவினை. ஸாஃபத் அவள் செய்த செயல். ஏவெல் 'கடந்துபோனது', ஒரு காலம் போல. மோசேக்கான முப்பது நாள் 'முடிந்தது' என்று உபாகமம் 34:8 சொல்லும்போதும் அங்கே நிற்கும் சொற்கள் அழுகையும் ஏவெலும்தான். யோவாப் தெக்கோவா ஊர்ப் பெண்ணிடம் துக்கக்காரி போல நடிக்கச் சொல்லும் இடமும் (2 சாமுவேல் 14:2) உதவும்: துக்க உடை உடுத்து, எண்ணெய் பூசாதே, நெடுநாளாய்த் துக்கத்தில் இருப்பவள் போல் இரு. எல்லாமே ஏவெல் குடும்பம். ஒரு சத்தமும் அதில் இல்லை.

பிரசங்கி இதை இன்னும் அழகாகக் காட்டுகிறார். 7:2-இல் 'துக்கவீடு', மூலத்தில் ஏவெலின் வீடு. 12:5-இல் துக்கங்கொண்டாடுகிறவர்கள் வீதியில் திரிகிறார்கள், மூலத்தில் ஸோஃப்தீம். ஏவெலுக்கு வீடு, மிஸ்பேத்துக்குத் தெரு. ஆமோஸ் 5:16-ம் மிஸ்பேத்தை எல்லாத் தெருக்களிலும் வைக்கிறது.

மீகா 1:8-இல் ஓரிகளின் ஊளைக்கு மிஸ்பேத், பறவையின் குரலுக்கு ஏவெல். இரண்டும் சத்தம். அப்போது என் கோடு உடைகிறதே என்றால், ஆமாம், கவிதையில் கொஞ்சம் கசியும். இணைவரிகளில் ஒரே சொல்லைத் திரும்பப் போடாமல் இருக்கக் கவிஞர் பக்கத்துச் சொல்லை எடுத்துக்கொள்கிறார். உரைநடை வசனங்களில் எல்லையைத் தேடுங்கள், கவிதையில் அதை வைத்து அடம்பிடிக்காதீர்கள்.

இன்னொரு வித்தியாசம்: பூமி, திராட்சரசம், வாசல்கள் எல்லாம் ஆவல் என்ற வினைக்கு எழுவாய் ஆகும். ஏசாயா 24:4-இல் தேசம் அப்படி வாடுகிறது. எபிரேயத்துக்கு உறவான அக்கேடிய மொழியில் 'வறண்டு போ' என்ற பொருளில் ஒத்த ஒலியுடைய ஒரு சொல் இருப்பதால், இந்த இடங்களில் துக்கமா வறட்சியா என்று அறிஞர்கள் நெடுநாளாக வாதாடுகிறார்கள். ஸாஃபத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. சகரியா 12:12-இல் 'தேசம்' எழுவாயாக வருகிறதே என்று கேட்பீர்கள். அடுத்த சொல்லே அதை விளக்கிவிடுகிறது: குடும்பம் குடும்பமாக, தனித்தனியாக. மண் வாடுவதைப் பற்றிய பேச்சு அது இல்லை, செய்பவர்கள் மனிதர்கள்.

படி 5: உடம்பைத் தேடுங்கள்

தெருவில் என்ன செய்தார்கள்? ஏசாயா 32:12-இல், 'மார்பின் மேல் ஸோஃப்தீம்' என்று இருக்கிறது. பெண்களை நோக்கிப் பேசும் இடத்தில் வினைவடிவம் ஆண்பாலில் நிற்பதால் இலக்கணச் சிக்கல் உண்டு. 'மார்பு' என்பதற்குப் பதில் 'வயல்' என்று வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு சொல்லும் எழுத்தில் அவ்வளவு நெருக்கம், வசனத்திலும் அடுத்தே வயல்கள் வருகின்றன. அப்படியிருந்தும் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் "மாரடித்துப் புலம்புவார்கள்" என்று போட்டார்கள். நல்ல தீர்ப்பு என்பேன்.

காரணம், கிரேக்கம். கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் செய்யப்பட்ட செப்துவஜிந்த் மொழிபெயர்ப்பில் ஸாஃபத்துக்கு வழக்கமாக வரும் சொல் கொப்டொமாய்: தன்னைத்தானே அடித்துக்கொள். சாராளுக்காக ஆபிரகாம் வந்ததும் (ஆதியாகமம் 23:2) அதே சொல். "புலம்ப ஒரு காலம்" (பிரசங்கி 3:4) என்ற இடத்திலும் அதே சொல். மத்தேயு 11:17-ஐ இப்போது வாசியுங்கள்: "உங்களுக்காகப் புலம்பினோம், நீங்கள் மாரடிக்கவில்லை". அங்கே 'மாரடி' என்று நம் வேதாகமம் பெயர்த்திருப்பது இந்தக் கொப்டொமாயைத்தான். ஆக, ஸாஃபத்துக்குப் பொருத்தமான தமிழ்ச் சொல் நம் வேதாகமத்திலேயே இருக்கிறது. ஆதியாகமத்தில் கிடைக்காமல் மத்தேயுவில் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அகிராம் மன்னனின் கல்சவப்பெட்டியின் படத்தைத் தேடுங்கள். 1923-இல் லெபனானின் பிப்லோஸில் கிடைத்தது. இப்போது பெய்ரூத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் குறுகிய பக்கத்தில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். சிலர் கை தலைமேல், சிலர் கை மார்பில். இன்னொரு சாட்சி சிரியாவின் உகாரித்: அங்கே கிடைத்த களிமண் பலகைகளில் உள்ள அக்ஹாத் கதையில், மகனை இழந்த தானேலின் மாளிகைக்குள் அழுகைக்காரிகள் நுழைகிறார்கள். அவர்களைக் குறிக்கும் சொற்களில் ஒன்று இதே ஸாமெக்-பே-தாலெத் வேரில் பிறந்தது. இஸ்ரவேலர் புதிதாகக் கண்டுபிடித்த வழக்கம் இல்லை என்பது புரிகிறதா?

படி 6: குரலைக் கேளுங்கள்

எரேமியா 22:18-இல் யோயாக்கீம் ராஜாவுக்கு யாரும் "ஐயோ, என் சகோதரனே" என்றோ "ஐயோ, ஆண்டவனே" என்றோ ஸாஃபத் செய்ய மாட்டார்கள் என்று வருகிறது. 34:5-இல் சிதேக்கியாவுக்கு அதற்கு நேர்மாறான வாக்கு. 1 இராஜாக்கள் 13:30-இல் கிழத் தீர்க்கதரிசி, தன் கல்லறையில் வைத்த தேவமனுஷனுக்காக அதே "என் சகோதரனே" கூப்பாடு போடுகிறான். அந்த 'ஐயோ' எபிரேயத்தில் ஹோய். அடித்தலோடு இந்தக் கூப்பாடும் சேர்ந்ததுதான் மிஸ்பேத். இறந்தவரின் உறவையோ பதவியையோ சொல்லி விளிப்பது நம் ஒப்பாரிக்குப் பழக்கமான முறைதான்.

இதற்கு மேல் பாட்டு வந்தால் அது கீனா. அதற்குத் தொழில்காரிகள் இருந்தார்கள். எரேமியா 9:17-இல் புலம்பற்காரிகளை வரவழைக்கச் சொல்கிறார். 9:20-இல் உங்கள் மகள்களுக்கு நெஹீயைக் கற்றுக்கொடுங்கள், ஒருத்தி மற்றவளுக்குக் கீனாவைக் கற்றுக்கொடுங்கள் என்கிறார். அதாவது பயிற்சி வேண்டிய கலை. யூத ரபிமாரின் சட்டத் தொகுப்பான மிஷ்னா இந்த வசனத்தை வைத்தே கீனாவுக்கு இலக்கணம் சொல்கிறது: ஒருத்தி சொல்ல, மற்ற எல்லாரும் அவளுக்குப் பின் பாடுவது. இஸ்ரவேலில் பரம ஏழைகூடத் தன் மனைவியின் அடக்கத்துக்கு இரண்டு குழலுக்கும் ஒரு புலம்பற்காரிக்கும் குறையாமல் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ரபி யூதா சொன்னதும் மிஷ்னாவில் (கெத்துபோத் 4:4) இருக்கிறது. 'கூலிக்கு மாரடிப்பது' என்று நாம் இளக்காரமாகச் சொல்வதை அங்கே கணவனின் கடமையாக வைத்திருந்தார்கள்.

படி 7: தடுக்கப்பட்ட இடத்தைப் பாருங்கள்

எசேக்கியேல் 24:16-17 இந்த ஆராய்ச்சிக்குக் கிடைத்த தங்கம். தீர்க்கதரிசியின் மனைவி சாகப்போகிறாள். அவர் என்னென்ன செய்யக்கூடாது என்று பட்டியல் வருகிறது. வசனம் 16: ஸாஃபத் கூடாது, அழுகை கூடாது, கண்ணீர் கூடாது. வசனம் 17: சத்தமில்லாமல் பெருமூச்சு விடு, ஏவெல் செய்யாதே, பாகையைக் கட்டு, பாதரட்சையைப் போடு, தாடியை மூடாதே, ஊரார் கொடுக்கும் அப்பத்தைச் சாப்பிடாதே.

இதை அப்படியே தலைகீழாக்கினால் அந்தக் காலத்து இழவு வீடு எழுந்து நிற்கிறது. ஸாஃபத் அழுகையோடும் கண்ணீரோடும் ஒரே கட்டில் நிற்கிறது. தலை, கால், முகம், சாப்பாடு என்ற நீண்ட நாள் ஒழுங்குகள் ஏவெலுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. தமிழில் இந்த ஏவெல் "இழவு கொண்டாடவேண்டாம்" என்று வந்திருக்கிறது. பத்சேபாள் வசனத்தில் ஸாஃபத்துக்கும் "இழவுகொண்டாடினாள்". அப்னேருக்காக ஸாஃபத் செய்யச் சொன்ன இடத்தில் "துக்கங்கொண்டாடுங்கள்". மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்தந்த இடத்துத் தமிழ் ஓசைக்கு அது சரியாகவே இருக்கிறது. தமிழ்ச் சொல்லை வைத்து எபிரேயச் சொல்லைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

படி 8: பிற்காலப் பொருளைப் பின்னால் வையுங்கள்

ரபிமார் காலத்தில் இதே வேரிலிருந்து ஹெஸ்பேத் என்ற சொல் வந்தது. இன்றைக்கு யூத அடக்கத்தில் ஒருவர் எழுந்து இறந்தவரைப் பற்றிப் பேசும் இரங்கல் உரைக்கு அதுதான் பெயர். மிஷ்னாவுக்கு ரபிமாரின் விரிவுரையான தல்மூதில், ஹெஸ்பேத் உயிரோடிருப்பவர்களின் மரியாதைக்கா, இறந்தவரின் மரியாதைக்கா என்று ஒரு விவாதம் உண்டு (சன்ஹெத்ரின் 46ஆ). அழுகைக்கு மூன்று நாள், ஹெஸ்பேத்துக்கு ஏழு நாள் என்றும் ஒரு கணக்கு உண்டு (மொயேத் காத்தான் 27ஆ). வாசிக்கச் சுவையாக இருக்கும். யூத நூல்களுக்கான செஃபாரியா இணையதளத்தில் கிடைக்கும். ஆனால் இதைக் கொண்டுபோய் ஆதியாகமம் 23-இல் பொருத்தி, ஆபிரகாம் சாராளுக்கு இரங்கல் உரை நிகழ்த்தினார் என்று எழுதக்கூடாது. உரை என்ற பொருள் பின்னால் வளர்ந்தது.

ஆதியாகமம் 23:2-இல் வேறொரு விநோதம் இருக்கிறது. 'அழ' என்ற சொல்லில் உள்ள காஃப் எழுத்தை மரபுப் பிரதிகளில் சின்னதாக எழுதுவார்கள். ஏன் என்பதற்குப் பல விளக்கம் சொல்வார்கள். ஸாஃபத் சொல்லின் பொருளுக்கு அதனால் எதுவும் மாறாது.

படி 9: உங்கள் பொருளை எழுதி, வசனத்தில் வைத்துப் பாருங்கள்

நோட்டில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். என்னுடையது இப்படி: மிஸ்பேத் என்பது இறப்புக்கோ அழிவுக்கோ ஊரறியச் செய்யும் புலம்பல், மாரடியும் கூப்பாடும் சேர்ந்தது, ஏவெல் என்பது துக்கத்தில் இருக்கும் நிலையும் காலமும்.

இதைச் சங்கீதம் 30:11-இல் வைத்துப் பாருங்கள். "என் புலம்பலை ஆனந்தக் களிப்பாக மாறப்பண்ணினீர்" என்பது தமிழ். மூலத்தில் மிஸ்பேத் மாறுவது மாகோல் ஆக, அதாவது நடனமாக. உடம்பால் செய்த ஒன்று உடம்பால் செய்யும் இன்னொன்றாகிறது. மாரில் விழுந்த கை ஆடத் தொடங்குகிறது. 'ஆனந்தக் களிப்பு' என்னும்போது அந்தக் கையும் காலும் காணாமல் போகின்றன. பிரசங்கி 3:4-லும் ஸெஃபோத், ரெகோத் என்று ஒலியொத்த ஜோடி: புலம்ப ஒரு காலம், நடனம்பண்ண ஒரு காலம். அந்த வசனத்தின் முதல் பாதியில் அழ ஒரு காலமும் நகைக்க ஒரு காலமும் வந்துவிட்டன; முகம் முதலில், உடம்பு அடுத்து.

உங்கள் வாக்கியத்துக்கு ஒத்துவராத வசனத்தையும் கீழே குறித்துவையுங்கள். புலம்பல் 5:15-இல் அதே மாகோல் தலைகீழாக மாறுகிறது, ஆனால் மிஸ்பேத்தாக அல்ல, ஏவெலாக. நகரம் விழுந்து, ஆட்டம் நின்று, துக்கத்திலேயே இருக்கும் ஜனங்களின் ஜெபம் அது என்பதால் அங்கே ஏவெல்தான் பொருந்தும் என்று நான் வாசிக்கிறேன். மீகா போலக் கவிதையின் கசிவு என்றும் சொல்லலாம்.

இதே ஒன்பது படிகளைக் கீனாவுக்கும் போட்டுப் பார்க்க விரும்பினால் 2 சாமுவேல் 1-இல் தொடங்குங்கள். 12-ஆம் வசனத்தில் ஸாஃபத், 17-ஆம் வசனத்தில் கீனா. நடுவே நான்கே வசனங்கள்.